மூன்று மாதம் பொறுக்காதவர்

அவர் களக்காட்டில் வாழைத்தார் சுமக்கிறவர். வலது தோள் கருத்துக் காய்ப்பேறியிருந்தது. தடுப்பூசிக்குக் கொண்டுவந்த தன் கைக்குழந்தையின் உள்ளங்காலை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தார். இரண்டாவது பிரசவத்தில் என் மனைவி பிழைத்ததே பெரிது. இன்னொன்றைத் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் கருத்தடை ஆபரேஷனுக்காக அந்த அரசு மருத்துவமனைக்கு வந்து, அவர் பக்கத்தில் பயத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“பெலம் போயிருமோ அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“நானும் பண்ணுனவன்தான் வே. உயிரணு வார குழாயத்தான் அடைக்காவ. நான் இன்னும் தார் தூக்குதேன். ஆனா உள்ள மிச்சம் கெடக்கும். மூணு மாசம் ஆணுறை போட்டு, டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு சொன்ன பொறவுதான் அத விடணும். நான் அவசரப்பட்டேன். இவ பொறந்தா.”

குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. “ஊர்க்காரங்க எம் பொண்டாட்டியச் சந்தேகப்பட்டாங்க. டீக்கடையில நின்னு, தப்பு என்னுதுன்னு எல்லார்ட்டயும் சொன்னேன்.”

ஆபரேஷன் முடிந்து, அவர் சொன்னபடியே நான் இருந்தேன். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றதும், என் மனைவி மருத்துவமனை வாசலிலேயே அழுதுகொண்டே சிரித்தாள். எங்களுக்கு இனிப் பயமில்லை. ஆனால் அவர் இடத்தில் இருந்திருந்தால், நான் அந்த டீக்கடைக்குப் போயிருப்பேனா என்பது மட்டும் இன்றும் எனக்குத் தெரியவில்லை.