அத்தானை நான்கு முறை வழியனுப்பினோம்

என் அக்காவின் கணவருக்கு எங்கள் தெருவில் 'லீவு' என்று பெயர். அவர் வந்து இறங்கிய மறுநாளே, "என்ன, லீவு வந்தாச்சா?" என்று கேட்டுவிடுவார்கள். வெளிநாட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபது வருடமாக வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் வருவார், ஒரு மாதம் இருப்பார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவரும் அக்காவும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது ஒரு வருடம் தேறினால் அதிகம். இதை நான் வாய்விட்டுச் சொன்னால் அக்கா முறைப்பாள்.

நோய் வந்து நாடுகள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டபோது அத்தான் லீவில் இருந்தார். விமானங்கள் நின்றுபோயின. ஒரு மாத லீவு நான்கு மாதமாகி, ஐந்தை நோக்கிப் போனது. அவர் வேலை பார்க்கும் நாட்டில் ஒரு சட்டம்: ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வேலை அனுமதி செல்லாது. அனுமதி போனால் வேலை போச்சு. ஐம்பதை நெருங்கும் ஆளுக்குப் புதிதாக எவனும் அனுமதி எடுத்துக் கொடுக்கமாட்டான். ஆறு மாதம் முடிவதற்குள் அவரை எப்படியாவது விமானம் ஏற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

எப்படி ஏற்றுவது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. கெடுவை நீட்டித்துவிட்டார்கள் என்று காலையில் ஒரு செய்தி வரும். அது வேறு நாட்டுக்காரர்களுக்கு என்று சாயங்காலம் வரும். டிக்கெட் எடுத்துத் தருகிறவர், "கன்ஃபார்ம் சார், ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்பார். அந்த வாக்கியத்துக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. ஏறுவதற்கு முன் பரிசோதனை செய்ய வேண்டும், முடிவு மூன்று நாளுக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது, ஆய்வகமோ முடிவு சொல்லவே இரண்டு நாள் எடுக்கும். எந்த விமானம் என்று தெரிவதற்கு முன்பே போய் மூக்கைக் காட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. அத்தானைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் ஆளாளுக்குப் பேசி அனுப்புவார்கள். அத்தான் மொட்டைமாடியில் நடந்துகொண்டே அத்தனையையும் கேட்பார். கேட்டு முடித்து இறங்கும்போது, ஏறும்போது தெரிந்ததும் தெரியாமல் போயிருக்கும்.

மொட்டைமாடிக்கு அவர் ஏன் போனார் என்றும் சொல்ல வேண்டும். வீடு அவர் சம்பாத்தியத்தில் கட்டியது. ஆனால் அதில் அவருக்கென்று ஓர் இடம் இல்லை. அலமாரியில் அக்காவின் துணி, மகளின் துணி, தைக்க வந்த ஊரார் துணி. அவருடையது பெட்டியிலேயே இருக்கும். ஒரு மாத லீவில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. கூடத்தில் அக்காவின் தையல் மிஷின். அந்த நாட்களில் முகக்கவசம் தைத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மகளுக்குக் கல்லூரி வகுப்பு, போனில். இவர் பனியனோடு பின்னால் நடந்தால், "அப்பா, கேமரா ஆன்ல இருக்குப்பா!" என்று கத்துவாள். மனிதர் எங்கேதான் போவார்?

சும்மா இருக்கவும் அவருக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்த துண்டு, போர்வை எல்லாவற்றையும் ஹோட்டல் மடிப்பில் மடித்து அடுக்கினார். ஒரு நாள், உதவி செய்வதாக நினைத்து, அக்காவின் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கி, கத்திரியையும் அளவு நாடாவையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டார். அக்கா அன்று ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"இருபது வருஷமா என் கத்திரியக் கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன். இப்போ கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டுத் தேடுறேன். உங்களை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"ஹோட்டலா இது?"

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அப்போது ஸ்கூல் மூடிக் கிடந்தது. ஆகவே முதல் வழியனுப்பலுக்கு என் பயிற்சி வண்டிதான் போனது. அதில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. அத்தான் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தெருவே முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றது. மகள் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா ஓவென்று அழுதாள். அத்தானும் கண்கலங்கி, எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நீளமாக ஒரு புத்திமதி சொன்னார். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு ரத்து என்று அறிவித்தார்கள். உள்ளே போன அத்தனை பேரும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் யாரும் இல்லை. அத்தான் ஏதோ தப்பு செய்தவர் மாதிரி செருப்பைக் கழற்றினார்.

இரண்டாம் முறை பெட்டியை டிக்கியில் வைத்து, அக்கா ஓரளவு அழுதும் முடித்த பிறகு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. நோய் இருக்கிறதாம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மனிதர் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறார். பழைய மிஷின்களைப் போட்டுவைத்த மாடி அறையை ஒழித்து அவரை அங்கே தங்க வைத்தார்கள். அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த முதல் அறை அதுதான். சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு அக்கா கீழே இறங்கிவிடுவாள். ஒன்று சொல்ல வேண்டும், அந்தச் சில நாட்கள் வீட்டில் சண்டையே இல்லை.

மூன்றாம் முறை வேறொரு நாட்டில் இறங்கி விமானம் மாற வேண்டிய பயணம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த நாடு கதவைச் சாத்திவிட்டது. அன்று அக்கா பாதி தைத்த கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசற்படி வரை வந்து கையசைத்திருந்தாள். திரும்பி வந்தால், கூடத்தில் அத்தான் ராத்திரி பாய் விரிக்கும் மூலையில் மகளின் மேசை உட்கார்ந்திருந்தது. அவள் அசடு வழிய அதைத் திரும்ப இழுத்தாள். எனக்குச் சுருக்கென்றது.

சமையலறையில் அக்காவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "என்னக்கா இது? அவரு மனசு கஷ்டப்படாதா?"

"நான் என்ன அரக்கியாடா? அவரு வந்தா எனக்கும் சந்தோஷம்தான். போற தேதி தெரிஞ்சா இன்னும் நல்லா இருக்கும், அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தனியா இருக்கக் கத்துக்க நான் என்ன பாடு பட்டேன்னு உனக்குத் தெரியாது. அதை இப்போ மறக்கச் சொன்னா எப்படி மறக்கறது?"

கல்யாணமான மூன்றாம் மாதம் அவளை விட்டுவிட்டுப் போனவர் அவர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மிஷின் மிதிக்கக் கற்றுக்கொண்டவள் அவள். இதில் நான் யாரைப் போய்க் குறை சொல்ல?

நான்காவது டிக்கெட் கிடைத்தபோது கெடுவுக்கு இரண்டு வாரமே இருந்தது. இந்த முறை பரிசோதனை முடிவு சரி, கடுதாசி எல்லாம் சரி. புறப்படும்போது அக்கா மிஷினை விட்டு எழவில்லை. "பார்த்துப் போய்ட்டு வாங்க" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். மகள் வகுப்பில் இருந்தபடியே கையை மட்டும் தூக்கினாள். அத்தான் கொஞ்ச நேரம் கூடத்தில் நின்றார். யாராவது நிமிர்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிறகு பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்தில் உள்ளே போனவர் ஒரு மணி நேரத்தில் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "கேன்சல் மாப்ள" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பெனியை, நோயை, இரண்டு நாட்டு அரசாங்கத்தை எல்லாம் ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே கதவைப் பார்க்கிறேன், வேறு யாருமே வெளியே வரவில்லை.

அப்போது ஒன்றும் கேட்கவில்லை. பாதி வழியில் அவர் தன் பக்கத்து பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்கி ஓரமாக நின்றது.

"கேன்சல் இல்ல மாப்ள."

"தெரியும் அத்தான்."

"வரிசைல நின்னேன். என் முறை வந்துச்சு. எல்லாம் சரியா இருக்கு, பெட்டிய வைங்கன்னாங்க. கை வரல." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "இருபது வருஷம் எவன் எவனோ படுத்து எழுந்த போர்வையத் தொவைச்சாச்சு. போதும்னு தோணிடுச்சு. இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன். அவ தைக்கட்டும், நான் தேய்ச்சுக் குடுக்கறேன். கஞ்சியோ கூழோ, ஒண்ணா குடிக்கலாம்ல?"

"அதை வீட்ல நேரா சொல்லுங்களேன்."

"சொல்றேன், சொல்றேன். இன்னிக்குக் கேன்சல்னே இருக்கட்டும். பக்குவமா சொல்லிக்கறேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதுவரை பார்த்ததில்லை. மீதி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மாடி அறையை வெள்ளையடிப்பது, நீராவித் தேய்ப்புப் பெட்டி ஒன்று வாங்குவது என்று ஏகப்பட்ட திட்டம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தெருமுனையிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. அக்கா வீட்டிலிருந்துதான். கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் பாய் விரிக்கும் மூலையில் இரண்டாவது மிஷின் வந்து உட்கார்ந்திருக்க, மேசையைச் சன்னல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு தாயும் மகளும் எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அவள்தான் முதலில் எங்களைப் பார்த்தாள். மகள் எட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"கேன்சல்" என்றேன் நான். சொல்லிவிட்டேன், வேறென்ன செய்ய?

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதல் வழியனுப்பலின்போதுகூட அப்படி அழவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. அத்தான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். தனக்காக அழுகிறாள் என்றே நினைத்துவிட்டார், பாவம்.

"அழாத. போகலேன்னா இப்போ என்ன? இனிமே போகவே வேணாம்னு வை. இங்கயே இருந்துட்டா என்ன?"

அக்கா முந்தானையை எடுத்தாள். கோபமெல்லாம் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்டவள் மாதிரி அவரைப் பார்த்தாள்.

"இங்கயா? இங்க உங்களுக்கு என்ன இருக்கு?"

அத்தான் நிமிர்ந்து மூலையில் இருந்த மிஷினை ஒரு தரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "சும்மா கேட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "மாப்ள, அடுத்தது எப்பன்னு அந்த டிக்கெட் ஆள்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு மாடி ஏறிப் போனார். எனக்கு அக்காவை அறைய வேண்டும் போல இருந்தது. அவரையும்தான்.

அடுத்த விமானம் கெடுவுக்கு முந்தின நாள். அது நிஜமாகவே ரத்தானது. அதற்கு வழியனுப்பல்கூடத் தேவைப்படவில்லை, செய்தி முன்கூட்டியே வந்துவிட்டது. அனுமதி போயிற்று. வேறு ஆளைப் போட்டுவிட்டோம் என்று ஹோட்டலிலிருந்து மரியாதையாகத் தெரிவித்தார்கள்.

அத்தான் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அவர் ஆசைப்பட்டபடியே அக்கா தைக்கிறாள், அவர் தேய்த்து மடித்துக் கொடுக்கிறார். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. துணி கொடுக்க வருகிறவர்களிடம் அக்கா அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள்.

"கடைசி தடவை ஏர்போர்ட் வரைக்கும் போய்ட்டாரு. எல்லாம் சரியா இருந்துச்சு. பெட்டிய வைக்கப்போற நேரத்துல கேன்சல் பண்ணிட்டானுங்க, பாவிப்பசங்க. அந்த ஒண்ணு மட்டும் பறந்திருந்தா எங்க பொழப்பே வேற. ஒரு குடும்பத்தைக் கெடுத்தவனுங்க நல்லா இருப்பானுங்களா, நீங்களே சொல்லுங்க?"

அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அக்கா அத்தோடு விடாமல் அத்தானிடமும் திரும்பிக் கேட்பாள்: "என்னங்க, நல்லா இருப்பானுங்களா?"

"இருக்கமாட்டானுங்க" என்பார் அத்தான், தேய்க்கும் துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.