ஹெல்மெட் டீச்சர்

கீழ்க்கட்டளையில் அவள் குடியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரியவர்கள் அவளை பியூலா மேடம் என்றார்கள். பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஹெல்மெட் டீச்சர் என்றார்கள். அந்தப் பெயர் இருப்பது அவளுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்தவன் தன் மகன் ஜேசன்தான் என்பதும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

பியூலா தாம்பரத்தில் ஒரு சர்ச் உபதேசியாரின் மகளாகப் பிறந்தவள். பள்ளியில் வகுப்புத் தலைவி, ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர், கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கமிட்டி. "யாராவது ஒருத்தர் பாத்துக்கணுமே" என்று எங்கே பேச்சு வந்தாலும் எல்லோர் முகமும் அவள் பக்கம் திரும்பும். முடியாது என்று சொல்ல வாய் வராது. இப்போது சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவன் லாசரஸுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவன் வீடு திரும்புவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே வீட்டில் எது நடந்தாலும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளும் அவளே.

எல்லாம் விக்கி விழுந்ததில் ஆரம்பித்தது. மூன்றாம் மாடி சத்யப்ரியாவின் மகன் விக்கி, ஜெனரேட்டர் அறைப் பக்கம் வீலிங் செய்யப் பார்த்தான். முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டுவது. பையன்களுக்கு அப்போது அதே பைத்தியம். விழுந்த வேகத்தில் பின்மண்டையில் தையல் போட வேண்டியதாயிற்று. அந்த மாத அசோசியேஷன் கூட்டத்தில் பியூலா எழுந்து, காம்பவுண்டுக்குள் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்றாள்.

முதல் எதிர்ப்பு சத்யப்ரியாவிடமிருந்தே வந்தது.

"இந்த வெயில்ல அதை மாட்டினா தலையெல்லாம் வேர்த்துக் கொட்டும், மேடம். நாமல்லாம் போட்டா ஓட்டினோம்?"

"நான் ஓட்டினதே இல்ல" என்றாள் பியூலா. உண்மைதான். விழுந்துவிடுவாள் என்று அப்பா விட்டதே இல்லை.

செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. விதி என்று ஒன்று வந்தால் அவருக்கு மனம் குளிரும். ஹெல்மெட் இல்லாமல் யாரும் சைக்கிளில் ஏறக் கூடாது என்று அன்றே முடிவாயிற்று. யார் கண்காணிப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் யாரைப் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சில நாள் ஹெல்மெட்டுகள் ஹேண்டில்பாரில் தொங்கின. அவள் பால்கனியில் தெரிந்தால் மட்டும் தலைக்கு ஏறின. பிறகு பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. அதற்கு மேல் நடந்ததைத்தான் பியூலா எதிர்பார்க்கவில்லை. முன்பு பயந்து பயந்து சக்கரத்தைத் தூக்கியவர்கள் இப்போது கையை விட்டுவிட்டு ஓட்டினார்கள். கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவில் வேகமெடுத்து வந்து, அடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து அதில் ஏறித் தாண்டினார்கள். ஜேசன் முதல் ஆளாக நின்றான். அவள் அதட்டினாள்.

"அதான் ஹெல்மெட் போட்டிருக்கேனேம்மா" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பலகை நழுவியது. காபி கலந்துகொண்டிருந்த பியூலாவுக்கு அந்தச் சத்தம் அடுப்படி வரை கேட்டது. கீழே ஓடினாள். ஜேசன் சுவரோரம் சுருண்டு கிடந்தான். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது, தலையில் ஒரு கீறலும் இல்லை. வலது மணிக்கட்டு மட்டும் கோணலாகத் திரும்பியிருந்தது. "இயேசப்பா, இயேசப்பா" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. வாட்ச்மேன் லோகுதான் அவனைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்.

"ஒண்ணும் ஆவல மேடம். கண்ணு முய்ச்சிகினுதான் கீறான். நீங்க அய்வாதீங்க."

மாவுக்கட்டு போட்ட டாக்டர், ஹெல்மெட் இல்லாதிருந்தால் இந்நேரம் வேறு வார்டில் இருந்திருப்போம் என்றார்.

அந்த வாரமே அவசரக் கூட்டம் போட்டார்கள். பையன் பிழைத்ததே ஹெல்மெட்டால்தான் என்று ஒரு பக்கம் பேசியது. ஹெல்மெட் கொடுத்த தைரியம்தான் அவனைக் கீழே தள்ளியது என்றது இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்துக்குத் தலைவி சத்யப்ரியா. பியூலாவுக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. தன் மகனின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது.

"மேடம், நீங்க என்ன சொல்றேள்?" என்று கேட்டார் செயலாளர்.

பியூலா எழுந்து நின்றாள். "அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அது போதுமானதாக இருந்தது. மறுநாள் லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. காம்பவுண்டுக்குள் இனி யாரும் சைக்கிள் ஓட்டக் கூடாது, கேட் வரை தள்ளிக்கொண்டு போகலாம்.

ஹெல்மெட் கேட்டவளுக்குத் தடை கிடைத்தது. மாடிப்படியில் எதிர்ப்படும் பிள்ளைகள் அவளைக் கண்டதும் சுவரைப் பார்த்தார்கள். வழக்கமாக ஓடி வந்து "ஆன்ட்டி" என்று கையைப் பிடிக்கும் குட்டிப்பெண் ஆஷாகூடத் தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஜேசன் மாவுக்கட்டுடன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பதில். "சைக்கிளை யாருக்காவது குடுத்துடு, பிரச்சனை முடிஞ்சுது" என்றான் லாசரஸ். முடிகிற பிரச்சனையாக அவளுக்குத் தோன்றவில்லை.

கட்டுப் பிரித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மேடவாக்கம் சாலையில் வண்டி ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே, ஒரு தண்ணீர் லாரியை ஒட்டி, இரண்டு சைக்கிள்கள் முன்சக்கரத்தைத் தூக்கியபடி போயின. முன்னால் போனவன் ஜேசன். பின்னால் விக்கி. இரண்டு பேர் தலையிலும் ஒன்றும் இல்லை. லாரியின் பின்டயர் ஜேசனின் தோள் உயரத்துக்குச் சுழன்றது. பியூலா கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் திரும்பிப் பார்ப்பான், பார்த்தால் விழுவான். வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் நின்றது, சைக்கிள்கள் லாரிக்கு அப்பால் மறைந்தன.

வீட்டுக்கு வந்தபோது அவன் சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவனை முழுசாகப் பார்த்ததும் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹெல்மெட் எங்கடா?"

"ரூல் உள்ள ஓட்டறதுக்குத்தானே? உள்ளதான் ஓட்டவே கூடாதுன்னுட்டீங்களே."

அன்றே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பிள்ளைகளை மறுபடியும் உள்ளே ஓட்ட விடச் சொன்னாள்.

"நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே மேடம் தடையே போட்டோம்?" என்றார் ஸ்ரீநிவாசராகவன். அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

"நான் தடை கேக்கல சார். ரோட்டுல லாரிக்குப் பக்கத்துல போறாங்க."

"இங்க விழுந்தா நாங்க பதில் சொல்லணும். யாராவது பெரியவா ஒருத்தர் தினமும் நின்னு பாத்துண்டா யோசிக்கலாம். யாரு நிப்பா, சொல்லுங்கோ?"

கேள்வி முடிவதற்குள் பதில் என்ன என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு பியூலாவின் சாயங்காலங்கள் அந்தச் சரிவின் மேல்முனையில் கழிந்தன. பள்ளியிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு கீழே இறங்குவாள். லோகு தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார். அவள் உட்கார்வதில்லை. ஜேசன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தான், கத்தக் கூடாது. அவன் வேகமெடுத்து வந்து சக்கரத்தைத் தூக்கும்போதெல்லாம் அவள் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வாள். கண்ணை மூடவும் முடியாது, பார்க்கவும் முடியாது. ஆஷா ஓட்டப் பழகினாள். பலகை வைக்காமலே தாண்டப் புதுப்புது வழிகள் கண்டுபிடித்தார்கள். யாரும் பெரிதாக விழவில்லை. முட்டி சிராய்ந்தால் அவளிடம் மருந்து இருந்தது.

சர்ச்சில் சனிக்கிழமை நடக்கும் பாடகர் குழுப் பயிற்சிக்கு அவள் போய் வெகுநாளாகியிருந்தது. கிறிஸ்மஸ் நெருங்க நெருங்க, குழுவை நடத்தும் கிறிஸ்டினா விடாமல் போன் செய்தாள். அந்தச் சனிக்கிழமை சத்யப்ரியா தானாகவே கீழே இறங்கி வந்தாள்.

"நீங்க சர்ச்சுக்குப் போய்ட்டு வாங்க மேடம். இன்னிக்கு நான் நிக்கறேன். என் புள்ளையும்தானே ஓட்டறான்?"

பியூலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே போய்ப் புடவை மாற்றினாள், பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். லோகு ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். ஒரு காலை உள்ளே வைத்தாள். கட்டடத்துக்குப் பின்னாலிருந்து சக்கரங்கள் சரிவில் இறங்கும் இரைச்சல் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அவளும் அப்படியே நின்றாள். இரைச்சல் மறுபடி வரவில்லை.

"ஏறுங்கம்மா" என்றார் ஆட்டோக்காரர்.

"நீங்க போங்கண்ணா" என்று காலை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். முதலில் மெதுவாக, பிறகு ஓட்டமாக.

பின்பக்கம் ஒன்றும் நடந்திருக்கவில்லை. பிள்ளைகள் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சத்யப்ரியா நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையில் மூச்சிரைக்க வந்து நின்றவளை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"போகலையா மேடம்?"

"அடுத்த வாரம் போறேன்" என்றாள் பியூலா.

ஜேசன், பிளந்ததற்குப் பதிலாக வாங்கிய புது ஹெல்மெட்டின் வாரை மோவாய்க்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். அவள் இரும்புக் கம்பியின் பக்கம் போய் நின்றாள்.