நான் கேட்டு வாங்கிய இருதயப் பிரிவு

நுவரெலியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தபோது அறுபதுகள் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் மூடுபனி உள்ளே வரும், மூடினால் கார்பன் தாளின் வாடை வெளியே போகாது. அதற்குள் மூன்று மெஷின்களும் மூன்று பெண்களும் இருந்தோம். டாக்டர்மார் வார்டு சுற்றி முடித்து வந்து எதிரில் உட்கார்ந்து இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நாங்கள் சுருக்கெழுத்தில் பிடித்துக்கொள்வோம். பிறகு அதை டைப் அடித்துக் கையெழுத்துக்கு அனுப்புவோம்.

அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்ட குடியுரிமைப் பதிவு எப்படியோ எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்திருந்தது. அது கிடைக்காத என் வகுப்புத் தோழிகள் என்னைவிட வேகமாக டைப் அடிப்பார்கள், அரசாங்க வேலைக்கு மனுப்போடக்கூட அவர்களால் முடியவில்லை. அட்டனில் ஒரு கடையின் மாடியில் நடந்த வகுப்பில்தான் நான் டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படித்தேன். வியாபாரக் கடிதம் எழுதத்தான் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனை பெட்டி தேயிலை அனுப்பியிருக்கிறோம், கிடைத்ததும் தெரிவிக்கவும் என்ற மாதிரி. நுரையீரல், ஈரல் என்றெல்லாம் அங்கே யாரும் வாய் திறந்ததில்லை.

முதலில் யார் சும்மா இருக்கிறாரோ அவர் கையில் வேலை விழும். ஒரு நாள் எலும்பு முறிவு, மறுநாள் குடல், அதற்கு மறுநாள் கண். எதுவும் மனதில் தங்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவோம். டாக்டர்மார் சலித்துக்கொண்டார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிப் பெரியவர் எங்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பிரிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அதையே படித்துத் தேறுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எங்களில் மூத்தவர் ஒரு பறங்கியப் பெண்மணி. அவர் சத்திரசிகிச்சைப் பிரிவை எடுத்துக்கொண்டார். இன்னொருத்தி என் வயதுச் சிங்களப் பெண், அவள் எக்ஸ்ரே பிரிவைக் கேட்டாள். எக்ஸ்ரே அறிக்கை நாலு வரியில் முடிந்துவிடும். மிச்சம் இருந்தவை பிரசவ வார்டும் இருதயக் கிளினிக்கும். "பேசாமல் பிரசவ வார்டை எடு," என்று மூத்தவர் இங்கிலீஷில் சொன்னார். "இருதய டாக்டரம்மா குதிரை வேகத்தில் பேசுவாள். ஒரு கடிதம் மூன்று பக்கம் போகும்."

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு முந்திய மாதம் மற்ற இருவரும் லீவில் இருந்தபோது அந்த டாக்டரம்மாவின் கடிதம் ஒன்று என் கைக்கு வந்திருந்தது. கந்தப்பளைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பற்றியது. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சொல்லிவிட்டு டாக்டரம்மா நிறுத்தினார். பிறகு இப்படிச் சொன்னார்: "மலை ஏறும்போது இவள் வேண்டுமென்றே கடைசி ஆளாகப் போகிறாள். நின்று மூச்சு வாங்குவது யார் கண்ணிலும் படாமலிருக்க, செருப்பில்லாத காலில் முள் எடுப்பதுபோல் குனிந்துகொள்கிறாள். கூடை நிறையாததால் பல நாள் பாதிச் சம்பளமான அரைப்பேர்தான் விழுகிறது. சோம்பேறி என்று பெயர் எடுத்திருக்கிறாள்."

என் விரல் நின்றுவிட்டது. எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்திலும் அப்படிக் குனிந்து முள் எடுத்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உண்மையில் முள்தான் குத்தியதா என்று அதுவரை நான் யோசித்ததில்லை. ஒரு வைத்தியக் கடிதத்துக்குள் இதெல்லாம் வரும் என்றும் தெரியாது.

பெரியவரிடம் போய் இருதயப் பிரிவு வேண்டும் என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிரசவ வார்டை மற்ற இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். குளிருக்குச் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். இருதயப் பிரிவை எடுத்த முதல் நாள் என்னைப் பார்த்ததும், "என்ன பிள்ளை, ஒருத்தரும் எடுக்காததை நீர் எடுத்திருக்கிறீராம்?" என்று கேட்டார்.

"ஆமாங்க டாக்டர்."

"பிறகு அழக்கூடாது, சரியோ?"

முதல் வாரங்களில் நான் அழாமல் இருந்ததே பெரிய காரியம். ரத்த அழுத்தம் கூடினால் ஹைப்பர், குறைந்தால் ஹைப்போ. சுருக்கெழுத்தில் அவசரமாக இழுத்தால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். அர்த்தமோ நேரெதிர். அதனால் நானே வழி கண்டுபிடித்தேன். கூடுதலுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு கீறு, குறைவுக்குக் கீழ்நோக்கி ஒரு கீறு. இருதயத்தின் நாலு அறைகளையும் கதவுகளையும் படமாக வரைந்து மெஷினுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். டாக்டரம்மா சொல்லிக்கொண்டு போகும்போது என் கண் அந்தப் படத்தில் ரத்தம் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே போகும். வழி தெரிந்த பிறகு வார்த்தைகள் தானாக வந்து விழுந்தன. ஒரு வார்த்தை காதில் சரியாக விழாவிட்டாலும், அந்த இடத்தில் எது வரலாம், எது வர முடியாது என்று தெரிந்தது. சந்தேகமாக இருந்தால் ஊகித்து அடிக்காமல் எழுந்து போய்க் கேட்பேன். டாக்டரம்மா ஒருபோதும் முகம் சுளித்ததில்லை.

ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. இருதயத்தில் கேட்கும் ஒரு வகை இரைச்சலுக்கு அவர் 'ரம்ப்ளிங்' என்பார். அகராதியில் இடி உருளும் சத்தம் என்று போட்டிருந்தது. நெஞ்சுக்குள் எப்படி இடி உருளும்? கேட்டேன்.

"சொன்னால் விளங்காது. இஞ்ச வாரும்."

வார்டில் கூட்டிப்போய் நிறுத்திய கட்டிலில் கந்தப்பளைப் பெண் இருந்தாள். நான் டைப் அடித்த கடிதத்தின் ஆள். இருபது வயது. மெலிந்த முகத்தில் கன்னம் மட்டும் ரோஸ் பூசியதுபோல் சிவந்திருந்தது. அதுவும் நோயின் அடையாளம்தான் என்று கடிதத்தில் அடித்திருந்தேன். அவளிடம் டாக்டரம்மா சம்மதம் கேட்டார்.

"கேளுங்கக்கா," என்றாள் அவள் என்னைப் பார்த்து. "வாறவங்க போறவங்க எல்லாம் கேக்குறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல."

இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, குழாயை டாக்டரம்மா என் காதில் மாட்டினார். முதலில் துடிப்பு மட்டும் கேட்டது. பிறகு இரண்டு துடிப்புக்கு நடுவில், ஆழத்தில், ஒரு உறுமல். ஃபாக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஓடும்போது எங்கள் லயத்துச் சுவரில் காதை வைத்தால் கேட்குமே, அதே சத்தம். காதால் கேட்பதைவிட எலும்பால் கேட்பது போல.

"என்னக்கா கேக்குது?" என்றாள்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் குழாயைக் கழற்றி அந்தப் பெண்ணின் காதிலேயே மாட்டிவிட்டார். அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஆத்தாடி! இவ்வளவு பாடுபடுதா இது? என்னையப் போயி சோம்பேறிங்கிறாங்களே."

டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவளுடைய இருதயத்தில் ஒரு கதவு சுருங்கி ஒட்டிப்போயிருந்தது. சின்ன வயதில் தொண்டை நோவும் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்து போனதன் மிச்சம். கொழும்பில் அதற்கு ஆப்பரேஷன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அவள் தகப்பனார் ஒத்துக்கொள்ளவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெஞ்சைக் கிழிச்சா புள்ள எப்படிங்க பொழைக்கும்?"

டாக்டரம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இருவர் தமிழும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடறியது. நடுவில் நான் நின்று எடுத்துச் சொன்னேன். "உள்ளுக்குள்ள ஒரு கதவு ஒட்டிக்கிச்சுங்க. டாக்டர் ஒரு வெரலை உள்ள விட்டு அதைத் தொறந்து விடுவாரு. அவ்வளவுதாங்க."

அவர் தலைப்பாகையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். "அந்த டாக்டரு வெரலு பெருசுங்களா, சின்னதுங்களா?"

நான் சிரிப்பை அடக்கினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தன் சுட்டுவிரலை மேசைமேல் நீட்டி வைத்தார். "இதைவிடக் கொஞ்சம் பெரிசு, ஐயா. அந்தக் கதவு சரியாய்த் திறந்தால் ரெண்டு விரல் போகும். இப்ப பென்சில் முனை போற அளவுதான் இருக்கு. அதுக்குள்ளாலதான் உங்கட பிள்ளையின்ர முழு ரத்தமும் போகவேணும்."

தகப்பனார் அந்த விரலையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "சரிங்க," என்றார்.

கொழும்புக்கு நானும் போனேன். அங்கே அவர்களுக்காகப் பேச ஆள் வேண்டும் என்று டாக்டரம்மாவே பெரியவரிடம் அனுமதி வாங்கினார். நானுஓயாவில் ரயில் ஏறினோம். அட்டன், வட்டவளை தாண்டி இறங்க இறங்க அவளுக்கு மூச்சு லேசானது. குளிர் விட்டதே காரணம் என்றாள். 

அங்கே ஒரு இளம் டாக்டர் அவளைச் சோதித்தார். மல்லாக்கப் படுக்கவைத்துக் கேட்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாங்கள் கொண்டுபோன டாக்டரம்மாவின் கடிதத்தைப் பிரித்து நிதானமாக வாசித்தார். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிகள் எனக்கு மனப்பாடம். ரயில் பயணத்துக்குப் பிறகு ஓய்வாக இருக்கும்போது சத்தம் அடங்கியிருக்கக்கூடும், தயவுசெய்து கொஞ்சம் எழுந்து உட்காரச் செய்து, உடனே இடப்பக்கம் சாய்த்துக் கேட்கவும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இளம் டாக்டர் அப்படியே செய்தார். குழாயை வைத்த சில விநாடிகளில் அவர் தலை நிமிர்ந்தது. உடனே பெரிய டாக்டரைக் கூப்பிட ஆளனுப்பினார்.

மலையில் மூடுபனிக்குள் இருந்துகொண்டு, கொழும்பில் முன்பின் தெரியாத ஒரு டாக்டரின் கை எந்த இடத்தில் தடுமாறும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார். அதுவரை அவருடைய நீண்ட கடிதங்களைப் பேச்சுப் பிரியம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அன்று அந்த வராந்தாவில் அவர்மேல் எனக்கு வந்த மதிப்பு இன்றுவரை இறங்கவில்லை.

ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அவள் சில வாரத்தில் திரும்பி வந்தாள், விலாவில் நீளத் தழும்போடு. கொஞ்ச காலம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தபோது கங்காணியைப் பற்றி என்னிடம் குறை சொன்னாள். "இப்ப நான்தான் முன்னால போறேங்கக்கா. அதுக்கும் ஏசுறாரு, வரிசை கலையுதாம்." அதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். கொழும்புக்குப் போன அடுத்த கடிதத்தில் அந்த வரியையும் சேர்க்கச் சொன்னார்.

எல்லாரும் அவளைப்போல் திரும்பவில்லை. இறம்பொடைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய்க்குக் கொழும்பில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று காலையில் வார்டில் கட்டில் காலியாகியிருந்தது. அவளைப் பற்றிய கடைசிக் குறிப்பை டாக்டரம்மா எப்போதும்போல் முழுமையாகச் சொன்னார், ஒரு அளவையும் விடாமல். இறந்தவளுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"அடுத்தவள் வருவாள், பிள்ளை. அவளுக்கு இது வேணும்."

அதற்குப் பிறகுதான் அவர் ஒரு யோசனை சொன்னார். பிள்ளைகளுக்குத் தொண்டை நோவு வந்தால் உடனே காட்ட வேண்டும், மூட்டுக் காய்ச்சல் வந்தவர்கள் மாதாமாதம் பென்சிலின் ஊசி போட வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் தயாரித்துத் தோட்டத்து டிஸ்பென்சரிகளில் ஒட்டலாம் என்றார். ஆஸ்பத்திரியில் தமிழ் மெஷின் கிடையாது. நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் நானே கையால் எழுத வேண்டியிருந்தது. அவர் சொன்னபடி 'வால்வு அடைப்பு', 'களைப்பு' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன்.

"என்ன?" என்றார்.

"எங்க ஆளுங்களுக்குக் களைப்புன்னா வேலை செஞ்ச அலுப்புங்க டாக்டர். எல்லாருக்கும் தினமும் இருக்கு. அதுக்காக ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க."

"அப்ப என்னண்டு எழுதுறது?"

"மலை ஏறுறப்ப மேமூச்சு கீமூச்சு வாங்குதுன்னு எழுதலாங்க. வால்வுன்னு வேண்டாம், நெஞ்சுக்குள்ள இருக்குற கதவுன்னு போடலாம்."

அவர் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "மேமூச்சு," என்று யாழ்ப்பாண நாக்கில் உருட்டினார். சரியாக வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. நான் எழுதியதை அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தாள் எந்தெந்தத் தோட்டத்துக்குப் போனதென்று தெரியாது. டாக்டரம்மாவுக்கு இடமாற்றம் வந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் சுருக்கமாகப் பேசுகிறவர், கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஒரு நாள் கிளினிக் வாசலில் ஒரு தாய், மடியில் காய்ச்சலோடு ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறது என்று விசாரித்தேன்.

"தொண்டை வலிங்குதுங்க. மூட்டும் வீங்கியிருக்கு. டிஸ்பென்சரிச் செவுத்துல போட்டிருந்துச்சு, நெஞ்சுக்குள்ள கதவு ஒட்டிக்குமாம். அதான் காலையில பேர் பதியிற பெரட்டுக்குக்கூடப் போகாம தூக்கிட்டு ஓடியாந்தேன்."

முறையெல்லாம் பார்க்காமல் அவளை எழுப்பி நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.