டிஸ்கில் இல்லாத பழுது

அலுவலகத்தில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, லினக்ஸ் போட்டு, நெய்யாற்றின்கரைப் பக்கம் கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீட்டில் சர்வராக ஓடவிட்டிருந்தேன். குடும்பப் போட்டோக்களும், பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா தன் சர்ச் பாடகர் குழுவுக்காகப் பதிவுசெய்த பாட்டுகளும் அதில்தான் இருந்தன. கூடப்பிறந்தவள் அல்லவா, பொறுமை எங்கள் இருவருக்குமே கிடையாது.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நெருங்கிய வாரம் அவள் வந்து நின்றாள்.

"எலே, பொம்பளயள் தாழ்ந்த கொரல்ல ஆல்டோ பாடுத எடத்துல பாட்டு நின்னுபோச்சு. என்னாண்ணு பாரு."

சர்வர் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்தால், படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று திரை முழுக்க ஐ/ஓ எரர். டிஸ்கில் எதையும் எழுத முடியாதபடி லினக்ஸ் பூட்டியும் வைத்திருந்தது. டிஸ்க் செத்தது என்று நினைத்தேன். சோதித்தால், ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்தது. மெஷினை அணைத்துப் போட்டால் மற்ற பாட்டுகள் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி எரர். கேபிளை மாற்றினேன். அதே எரர். வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். ஒருவன் டிஸ்கை உடனே மாற்று என்றான், இன்னொருவன் தொடவே தொடாதே என்றான்.

திரும்பும்போது நெய்யாற்றின்கரையில் இறங்கிப் புது டிஸ்க் வாங்கி வந்தேன். நகலெடுக்கத் தொடங்கியதும் புதிதும் அதே எரரைக் காட்டியது. கீபோர்டைத் தூக்கி முற்றத்தில் எறியலாம் போலிருந்தது.

"பாட்டு கிட்டுமா கிட்டாதா?"

"பொறு அக்கா. புதுசும் இப்படித்தான் காட்டுது."

"எப்பளும் இதாக்கும் சொல்லுத."

அவள் போன கையோடு வீட்டில் யாரோ கிணற்று மோட்டரைப் போட்டார்கள். விளக்கு ஒரு கணம் மங்கியது. அதே கணத்தில் திரையில் எரர் வரிசையாக ஓடியது. எழுந்து போய் மோட்டரை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். போடும்போதெல்லாம் எரர். கரண்டு இறங்கும்போது, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தாங்கவில்லை. டிஸ்க் பாவம், ஒன்றும் செய்யவில்லை. தேவையே இல்லாமல் புது டிஸ்க் வாங்கிய எரிச்சலோடு அதே கடைக்குப் போய் எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டினேன். பிறகு மோட்டர் ஓடியும் எரர் வரவில்லை.

எல்லாம் மீண்டது, ஆல்டோவில் நின்றுபோன அந்தப் பாட்டைத் தவிர. அதை ஏற்றும்போதே டிஸ்க் பூட்டிக்கொண்டதால் பாதிதான் பதிவாகியிருந்தது. அக்கா என்னைத் திட்டிக்கொண்டே குழுவைத் திரும்பக் கூப்பிட்டுப் பாடவைத்து, போனில் பதிவுசெய்து அனுப்பினாள்.

"மோட்டர் போட்டா பாட்டு நிக்குமாம்! எனக்கு இந்தப் போனே போதும்லே," என்றவள், போகிறபோக்கில் சொன்னாள், "எதுக்கும் ஒனக்க சர்வர்லயும் ஏத்திவை மக்கா."