ஒரே கரையில் இரண்டு கம்பி

தந்திக் கம்பி இழுக்கிற வேலையில் நான் சேர்ந்தபோது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இப்போதும் கையெழுத்து மட்டும்தான். நான் சொல்லச் சொல்ல வீட்டில் எழுதுகிறார்கள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுகிறேன் என்று நடுவில் நிறுத்திச் சண்டையும் பிடிக்கிறார்கள். போவேன்தான். ஆனால் அந்த மழைநாளைச் சொல்லும்போது எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்பேன். அன்று ஒரு பகலில் பட்ட பயம் இன்னும் போகவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டையிலிருந்து திருமயத்துக்கு ஒரே ஒரு லைன். ரோட்டை ஒட்டியே போகும். வழியில் ஒரு பெரிய கண்மாய். அந்த இடத்தில் ரோடும் கரைமேல்தான், கம்பமும் கரைமேல்தான். ஒரு காற்றுமழையில் அந்த லைன் அறுந்து மூன்று நாள் பேச்சே இல்லாமல் போனது. அதற்குப் பிறகு மேலதிகாரி ஒருவர் வந்து, இன்னொரு லைன் வேண்டும், அது ரோட்டுப் பக்கமே வரக்கூடாது, வயல்வழியாகத் தனியாகப் போகவேண்டும் என்றார். ஒன்று அறுந்தால் மற்றொன்று பேசும். படமும் போட்டுக் கொடுத்தார். எனக்குப் படம் புரியாது. சிவப்புக் கோடு ஒன்று, நீலக்கோடு ஒன்று, இரண்டும் தொடாமல் போனது மட்டும் தெரிந்தது.

அந்த நீலக்கோடு போகிற வயல் என் மாமனாருடையது. கண்மாய்க்குக் கீழே உள்ள ஊர்தான் என் மனைவியின் ஊர். கல்யாணமாகி ஐந்து மாதம். மாமனார் வீட்டுக்குப் போனால் வெந்நீர் போட்டுக் குளிக்கச் சொல்லும் காலம். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது செம்பைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே மாமனார் கேட்டார்.

“மாப்ள, நம்ம வயலுக்குள்ள கம்பம் நடுறாகளாமே?”

“ஆமா மாமா. ஒரு பதினொண்ணு வரும்.”

“பதினொண்ணா? ஏரை எங்கிட்டுத் திருப்புறது? மாடு கம்பத்துல முட்டிக்கிட்டு நிக்கும். நீங்க அந்த வேலையிலதானே இருக்கீக?”

அவ்வளவுதான் கேட்டார். நட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நான் மேஸ்திரியிடம் போய், வயல் சேற்றில் கம்பம் நிற்காது என்று சொல்லி நின்றேன். மேஸ்திரி நல்ல மனிதர். பல் வலிக்காக எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார், பேச்சும் அதைத் தாண்டித்தான் வரும்.

“வயல்ல நட்டா சேத்துல சாஞ்சிரும், அது நெசந்தான்” என்றார். “கரைன்னா கெட்டி மண்ணு. பழைய கம்பத்துக்குப் பக்கத்துலயே வரிசையா நட்டுருவோமா? ரோட்டுலேர்ந்து எறக்கவும் லேசு.”

“ரெண்டு லைனும் ஒரே எடத்துல வருதேண்ணே?”

“கம்பம் வேற, கம்பி வேற. எடம் ஒண்ணா இருந்தா என்னடா? ஒங்க மாமனாரு வயலுக்காகத்தானே வந்து நிக்கிறே, அப்பறம் எதுக்குக் கேள்வி?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். “மாப்ளைக்கு அடுத்த வாரம் கோழியடிச்சுப் போடுவாக” என்றான் ஒருவன். நானும் சிரித்தேன்.

பதினோரு குழியில் பெரும்பாலானவற்றை நான்தான் தோண்டினேன். மார்பளவு ஆழம். கம்பத்தை நிறுத்தி, களிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, கடப்பாரையின் அடிப்பக்கத்தால் இடிக்க வேண்டும். எட்டுக் கம்பத்துக்கு அப்படித்தான் செய்தோம். கடைசி மூன்றை நட்ட அன்று சந்தை. எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்க அவசரம். ரோட்டில் கப்பிக்கல் பரப்பும் வேலைக்காக ஓரத்தில் கொட்டியிருந்த ஆற்று மணலை அள்ளிப் போட்டு மிதித்து, மேலே மட்டும் ஒரு சாண் களிமண் பூசினோம். பூசியவன் நான். பார்க்க மற்ற எட்டைப் போலவே இருந்தது.

ஆபீசில் இருந்த படத்தை யாரும் மாற்றவில்லை. சிவப்பும் நீலமும் தனித்தனியாகவே போய்க்கொண்டிருந்தன. மறுவருஷ மழையில் ஒன்றும் ஆகவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த கார்த்திகையில் என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆண்பிள்ளை. பதினெட்டு நாள் ஆகியிருந்தது. நான் ஒருமுறைதான் போய்ப் பார்த்தேன், அதுவும் தூங்கும்போது. நாலு நாளாக மழை விடவில்லை. கம்பி அறுந்தால் ஓட வேண்டும் என்று எங்களை ஆபீசிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி மற்றவர்களோடு அறந்தாங்கிப் பக்கம் போயிருந்தார். ஆபீசில் நானும் போன் ஆபரேட்டரும் மட்டும். அவர் கடற்கரைப் பக்கத்து ராவுத்தர், நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். மழைக்காலத்தில் அரைமணிக்கு ஒருமுறை திருமயத்தைக் கூப்பிட்டு, “இருக்கீகளா?” என்பார். அங்கே இருப்பவர், “இருக்கோம்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வார்த்தை வந்துகொண்டிருக்கும் வரையில் லைன் உயிரோடு இருக்கிறது.

காலை பத்து மணி இருக்கும். பாய் கூப்பிட்டார். பதில் இல்லை.

“ரோட்டு லைன் போச்சுப்பா” என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு, அடுத்த லைனில் செருகினார். அதில் பேசினார்கள். “இதுதான் ரெண்டு லைன் இருக்கிற சௌகரியம்” என்றபடி வெற்றிலையை எடுத்தார். மடித்து வாயில் போட்டு, மறுபடி போனைக் காதில் வைத்தார். அப்படியே என்னைப் பார்த்தார்.

“இதுவும் போச்சு. அதெப்படி? ஒண்ணு ரோட்டுல போகுது, ஒண்ணு வயல்ல போகுது. ரெண்டு எடத்துல ஒரே நேரத்துலயா அறுக்கும்?”

இரண்டும் சேர்ந்து சாகிற இடம் ஒன்றுதான். ஆபீசில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். கரை. கரைக்குக் கீழே ஊர். ஊரில் முதல் தெருவில் மூன்றாவது வீடு.

“பாய்” என்றேன். “வயல்ல போகலை பாய். அதுவும் கரைமேலதான் போகுது.”

“என்ன சொல்றே?”

“நாங்க அங்கதான் நட்டோம். கரை ஒடஞ்சிருச்சு போலருக்கு பாய். என் பொண்டாட்டி புள்ள கீழ இருக்கு.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். வெற்றிலையை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டுத் திருச்சியைக் கூப்பிட்டார். திருச்சி மதுரையைக் கூப்பிட்டது. மதுரை காரைக்குடியை, காரைக்குடி திருமயத்தை. பக்கத்து ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல அத்தனை ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. திருமயத்துக் குரல் இங்கே எட்டவே இல்லை. அதனால் ஒவ்வொரு ஊர் ஆபரேட்டரும் கேட்டு அடுத்தவருக்குச் சொன்னார்கள். பாய் விடவில்லை. “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க. இல்லைங்க, முழுசாச் சொல்லுங்க. கண்மாய்க் கரை, கீழூர் ஜனம் மேட்டுக்கு” என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் பதில் அதே வழியாகச் சுற்றி வந்தது. திருமயத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சைக்கிளில் ஆள் அனுப்புகிறார்கள். ஆனால் ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

“நீ இங்கிட்டிருந்து போ” என்றார் பாய். “சோதனை போனை எடுத்துக்க. வழி நெடுகக் கூப்பிட்டுச் சொல்லு.”

ஆபீஸ் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. செருப்புக் காலைச் சக்கரத்தில் வைத்துத்தான் நிறுத்துவோம். அன்று நிறுத்துகிற கவலை இல்லை. இரண்டு மைலுக்கு ஒருமுறை இறங்கி, மூங்கில் கழியால் சோதனை போனின் கொக்கியைக் கம்பியில் மாட்டிப் பேசினேன். பின்னால் கூப்பிட்டால் பாய் இருந்தார். முன்னால் திருமயத்தைக் கூப்பிட்டால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை நான் காது வைத்துக் கேட்டிருக்கிறேன். இரைச்சல்கூட இல்லை. எங்கே முன்னால் சத்தம் கேட்குமோ அங்கே அறுப்பைத் தாண்டிவிட்டேன் என்று அர்த்தம். ஒவ்வொரு கம்பத்திலும், இது வேறு எங்காவது அறுந்ததாக இருக்கட்டும், ஒரு புளியங்கிளை விழுந்ததாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இறங்கிக் கேட்ட மூன்று தடவையும் முன்னால் சத்தமே கேட்கவில்லை. அதற்குப் பிறகு கண்மாய் தெரிகிற வளைவுவரை நான் இறங்கவும் இல்லை.

கரை இருந்தது. அதை முதலில் பார்த்தேன். தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு முழம் கீழே தளும்பிக்கொண்டிருந்தது. கரையின் நடுவே ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். நாங்கள் நட்ட கம்பம் ஒன்று சாய்ந்து ரோட்டு லைன்மேல் விழுந்து கிடந்தது. பள்ளம் வெட்ட இடைஞ்சலாக இருந்த மிச்சக் கம்பிகளை அரிவாளால் வெட்டிப் போட்டிருந்தார்கள்; அடுத்த லைனும் செத்தது அதனால்தான். கம்பம் இருந்த இடத்தில் பெரிய பள்ளம் வெட்டி, வைக்கோலும் களிமண்ணுமாகப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். கரையின் கீழ்ச்சரிவில் தொடை தண்டி ஊற்று, கலங்கலாக. பள்ளத்துக்குள் இடுப்பளவு நின்று மிதித்தவர் என் மாமனார்.

“தந்தி ஆபீசுலேர்ந்து ஆள் வந்தாச்சு” என்றார் ஒருவர் மண்கூடையை இறக்கிக்கொண்டே. “கம்பிய வெட்டுனதுக்கு எங்களைப் புடிச்சு உள்ள போடுவீகளா?”

“எங்க அவ? புள்ள எங்க?” என்றேன்.

“பொம்பளைகளை எல்லாம் கோயில் மேட்டுக்கு அனுப்பியாச்சு” என்றார் மாமனார், நிமிராமலே. “வெளக்குமாத்தைக்கூட எடுத்துக்கிட்டுப் போயிருக்காளுக. எறங்கி மிதிங்க மாப்ள.”

நான் மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே ஊற்று மெலிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்போதுதான் மண்கூடைக்காரர் பள்ளத்திலிருந்து ஒரு கை மணலை எடுத்துக் காட்டினார்.

“கரைக்குள்ள ஏதுய்யா ஆத்து மணலு? எவனோ கம்பத்தை நட்டு மணலைப் போட்டு மூடியிருக்கான். நண்டு போட்ட வளையா இருந்தாலும் மன்னிக்கலாம்.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் கம்பி வேலைக்காரன் என்று தெரியும், ஆனால் இந்தக் குழி யார் கை என்று தெரியாது. பேசாமல் இருந்தால் பேசாமலே போயிருக்கும். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. நான் கம்பங்களைப் பார்த்தேன். நாங்கள் நட்டதில் மிச்சம் பத்து நின்றன. எட்டில் களிமண். இரண்டில் மணல். எந்த இரண்டு என்று அந்தக் கரையில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மாமனார் அப்போது என்னைப் பார்த்தார். கையில் செம்பைச் சாய்த்துக்கொண்டு கேட்டதை அவரும் மறந்திருக்கவில்லை. அவர் கண்ணில் இருந்ததும் பயம்தான். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்கிற பயமா, கரை என்ன ஆகும் என்கிற பயமா, எனக்குத் தெரியாது. பேசு என்றும் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை.

“இன்னும் ரெண்டு இருக்கு” என்றேன்.

“எது ரெண்டு?”

“மணல் போட்டது. மடைக்குப் பக்கத்துல இருக்கிறது ஒண்ணு. அதுக்கு அங்கிட்டு ஒண்ணு. நாந்தான் போட்டேன்.”

மண்கூடைக்காரர் என்னை அடிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். பாதியில் நின்று, “அடிக்க இப்ப நேரமில்லை. கடப்பாரையை எடுங்கடா” என்றார். இருபது பேர் மடைப் பக்கம் ஓடினார்கள். நான்தான் முதலில் தோண்டினேன். மேலே நான் பூசிய ஒரு சாண் களிமண் அப்படியே இருந்தது. அதைப் பெயர்த்ததும் கீழே மணல் கஞ்சி மாதிரி அசைந்தது. கையை விட்டால் தண்ணீர் கையைக் கீழ்ச்சரிவுப் பக்கமாக இழுத்தது. ரொம்ப மெதுவாக. கரைக்கு வெளியே அது இன்னும் வந்து சேரவில்லை. அந்த இழுப்பை நினைத்தால் இப்போதும் கையை மடியில் ஒளித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் குனிந்து மணலை அள்ளி அள்ளி மேலே வீசினேன். யாரோ களிமண்ணைக் கொட்டினார்கள். மாமனார் எப்போது இந்தப் பள்ளத்துக்கு வந்தார் என்று கவனிக்கவில்லை. என் தலைக்குமேல் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்க வயல்ல நட வேணாம்னு நாந்தான் மாப்ளைகிட்டக் கேட்டேன். வையிறதா இருந்தா என்னையும் சேத்து வையிங்க.”

ஒரு கூடை களிமண் விழுந்தது. நான் இன்னும் அடியில் துழாவிக்கொண்டிருந்தேன். மணல் எங்கேயாவது மிச்சம் இருந்துவிடக் கூடாதே என்று விரலை எடுக்கவே மனம் வரவில்லை. அவர் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

“கையை எடுங்க மாப்ள” என்றார். “மிதிக்கணும்.”