நல்ல நாத்தம், ஒனக்கு சரி

செய்தி என்னிடம் தப்பாகத்தான் வந்து சேர்ந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் மலைக்கு ஏறின பிறகு, தபால்காரர் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று, "பெரியம்மா, சென்ட்டுத் தொரை போயிட்டாருங்க" என்றார்.

நான் அடுப்பில் கிடந்த ரொட்டியைத் திருப்பிக்கொண்டே, "அவரு சீமைக்குப் போயி பத்துப் பன்னெண்டு வருஷமாச்சே. இப்ப என்ன புதுசா?" என்று கேட்டேன்.

அவர் பையைக் கீழே இறக்கி வைத்தார். "வெள்ளக்காரத் தொரை இல்ல பெரியம்மா. நம்ம மருதை."

ரொட்டி கருகிப் போயிற்று.

பதினாறாம் நாள் காரியத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொல்லி மருதையின் மகன் வந்து கேட்டார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் ஐந்து வரைக்கும் போன பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். முதல் வரியிலேயே குழப்பம். 'அவன்' என்று எழுதுவதா, 'அவர்' என்று எழுதுவதா? உயிரோடு இருந்தபோது மருதையை நான் ஒருநாளும் 'அவர்' என்று சொன்னதில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் யார் சொன்னீர்கள்? சரி, அவர் என்றே எழுதுகிறேன்.

மருதை அந்த நாளில் பெரிய பங்களாவில் குதிரைக்காரராக இருந்தார். துரையின் குதிரை, சேணம், முழங்கால் வரைக்கும் வருகிற சப்பாத்து எல்லாம் அவர் பொறுப்பு. அவர் அப்பாவுக்கும் தோல் வேலைதான். எண்ணெயும் தோலும் சேர்ந்த ஒரு வாடை அந்தக் குடும்பத்தோடு கூடவே நடக்கும். நான் அதே பங்களாவில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சமையற்கட்டுக்குப் பின்னால் ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதும் நான்தான். எல்லாருக்கும் கோப்பையில் ஊற்றுவேன், மருதைக்கு மட்டும் சிரட்டையில். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் ஊற்றினேன்.

துரை ஒல்லியான மனுஷர். காலில் அட்டை ஏறினால் முகம் வெளுத்துவிடும். குரலும் எழும்பாது. ஆனால் காலையில் ஒரு சதுரக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு கழுத்தில் தடவிக்கொண்டு வெளியே வந்தால், அவருக்கு முன்னால் அந்த வாசம் வந்து நிற்கும். நாங்கள் எல்லாம் நிமிர்ந்துவிடுவோம். அது பூ வாசம் இல்லை. முதலில் எலுமிச்சந்தோலைக் கிள்ளின மாதிரி சுரீரென்று இருக்கும். அது அடங்கினால் தண்ணீர் தெளித்து அணைத்த விறகின் புகை. சாயந்திரம் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது கடைசியாக இன்னொன்று இருக்கும். அது என்ன என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷத்தில் துரை சீமைக்குப் புறப்பட்டார். நானுஓயா ரயிலடிக்குப் போகக் கார் நின்றது. மற்ற ஆட்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் நான் மட்டும் நின்றேன். துரை மருதையைக் கூப்பிட்டு, பாதிக்கு மேல் மிச்சம் இருந்த அந்தக் குப்பியை நீட்டினார்.

"மருதை. இது நல்ல நாத்தம். ஒனக்கு சரி."

அவ்வளவுதான் சொன்னார். கார் போய்விட்டது.

துரைமார் தமிழ் உங்களுக்குத் தெரியும். எல்லாரும் அவர்களுக்கு 'நீ'தான், வாயில் வந்த சொல்தான். மருதை குப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு லாயத்துப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன், என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கிற ஆசைதான். மூடியைத் திறந்து மோந்தார். மறுபடியும் மோந்தார். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

"தாயி, இதுக்கு அடியில எங்கப்பன் இருக்காருங்க!"

"என்ன உளர்ற?"

"தோலுங்க தாயி. பதம்போட்ட தோலு. நாங்க கழுவிக் கழுவி விட்டத அவுக காசு குடுத்து வாங்கிப் பூசியிருக்காக!" சிரிப்பு நின்ற பிறகு மெதுவாகக் கேட்டார்: "தொரை என்னைய வஞ்சு குடுத்தாரா, வாழ்த்திக் குடுத்தாரா?"

எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதுத் துரைக்கு ஜீப் இருந்தது, குதிரை இல்லை. மருதையைத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். ஒருநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எதிரே நிற்கிறவன் முகம் தெரியாத பனிமூட்டம். திடீரென்று அந்த வாசம் வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். வெற்றிலையைத் துப்பினார்கள். பெரிய கங்காணி தலைப்பாகையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, பனிமூட்டத்தைப் பார்த்து, "சலாமுங்க தொரை!" என்றார். அதற்குள்ளிருந்து கவ்வாத்துக் கத்தியோடு மருதை வந்தார்.

"சலாம் கங்காணி" என்றார் மருதை. வேறு என்ன சொல்வார்?

அன்றைக்கு இந்தத் தோட்டம் சிரித்த சிரிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரத் துரைக்கு நாம் வைத்திருந்த சென்ட்டுத் தொரை என்ற பெயர் மருதைக்கு விழுந்தது அன்றைக்குத்தான். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை.

குப்பி களவுப் பொருள் என்று அவர் ஆபீசுக்குப் போனார். துரை கையால் கொடுத்தார் என்று மருதை சொன்னார். துரை சொன்ன வார்த்தையைத்தான் மருதை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாரே, கங்காணி அதையே பிடித்துக்கொண்டார். "நாத்தம்னு சொல்லிக் குடுத்தாருன்னா குப்பையில போடச் சொல்லிக் குடுத்ததுதான? போடாம வச்சுக்கிட்டது களவு இல்லாம என்ன?"

களவு என்று முடிவானால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள். மருதை, பெண்சாதி, ஆறு பிள்ளைகள், எட்டு உயிரும் லயத்தைக் காலி செய்துகொண்டு தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும். பத்துச்சீட்டு வாங்கினவனை அடுத்த தோட்டத்தில் யார் சேர்ப்பார்கள்? கொடுத்ததைப் பார்த்த ஒரே ஆள் நான் என்பதால் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

"தொரை என்ன சொல்லிக் குடுத்தாரு? சொன்னத அப்படியே சொல்லு" என்றார் கிளாக்கரையா.

அந்தச் சொல்லை அவர் இங்கிலீசில் மாற்றினால் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். புதுத் துரை பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். மருதை வாசலுக்கு வெளியே நின்றார்.

"நல்ல வாசம், ஒனக்கு சரின்னு சொன்னாருங்க."

கிளாக்கரையா மாற்றிச் சொன்னார். துரை கையை ஆட்டினார், போ என்று. விஷயம் முடிந்தது.

வெளியே வந்ததும் மருதை கும்பிட்டார். கையைக் கீழே இறக்காமலே, "தாயி, அது தொரை சொன்ன சொல்லு இல்லீங்களே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டு உசிரு ரோட்டுக்கு வர இருந்துச்சு. ஒனக்கு ஒரு சொல்லு பெருசாப் போச்சா?"

"புள்ளைகளக் காப்பாத்திட்டீங்க, மறக்க மாட்டேன். ஆனா வாசம்னா கடையில யாரு வேணும்னாலும் வாங்கலாங்க. நாத்தம் எங்களுது. அதைத்தான அவரு நல்லதுன்னாரு."

அதற்குப் பிறகு மருதை அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை. ஆபீசில் பதிந்த சொல்லை மாற்றினால் என்னைப் பொய்க்காரி ஆக்கின மாதிரி இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கேட்கவும் இல்லை.

குப்பி எப்போதோ காலியாகிவிட்டது. ஆனால் வாசம் அவரை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களின் செருப்பைத் தைத்துக் கொடுப்பார், அந்தத் தோலின் வாசமா, குப்பியின் வாசமா, எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். அப்படிப்பட்ட வாசம் எந்த மாதிரி ஆளுக்குச் சேரும் என்று யோசித்திருக்கிறேன். கத்திப் பேசுகிறவனுக்குச் சேராது. குனிந்து கும்பிடும்போதும் முதுகை வளைக்காத ஆள் ஒருத்தர் இருந்தால் அவருக்குச் சேரும். துரை பூசினால் வாசம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். மருதையோ வாசத்தோடு சேர்ந்தே வந்தார்.

என் பேத்தி ஹட்டனுக்குப் படிக்கப் போன வருஷம், பழைய சேணத்தின் மடல் ஒன்றை வெட்டி அவளுக்குப் புத்தகப் பை தைத்துக்கொண்டு வந்தார். "ஹட்டன் மழைக்கு இது தாங்கும் தாயி." நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். கை சிரட்டைக்குத்தான் போனது. பிறகு டம்ளரை எடுத்தேன். மருதை டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆறிடும், குடி" என்றேன். குடித்துவிட்டுக் கழுவி, வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதை உள்ளே எடுப்பதா, வேண்டாமா? சாயந்திரம் வரைக்கும் அது வெளியேதான் கிடந்தது. விளக்கேற்றப் போகும்போது எடுத்து உள்ளே வைத்தேன். இதையும் எழுதாவிட்டால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

நேற்று லீவில் வந்த பேத்தியிடம் இதைக் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அப்பாயி, நாற்றம்னா பழைய தமிழ்ல நல்ல மணம்னுதான் அர்த்தமாம். எங்க டீச்சர் சொன்னாங்க" என்றாள்.

"அது எந்தத் தொரைக்குத் தெரியும்?"

"புஸ்தகம் பாத்துத் தமிழ் படிச்ச தொரைக்குத் தெரியும்ல?"

துரையின் மேசையில் தமிழ் எழுத்துப் போட்ட ஒரு தடிப் புத்தகம் கிடந்தது. வருஷக்கணக்காக அதைத் தூசி தட்டியிருக்கிறேன். ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. வாசிக்கத் தெரிந்த நானே பார்க்கவில்லை. அதனால் துரை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. பதினாறு நாளுக்கு முன்னால் என் பேத்தி இதைச் சொல்லியிருந்தால் ஓடிப்போய் மருதையிடம் சொல்லியிருப்பேன். அவர் ஒருவேளை, "அர்த்தம் எனக்கு அப்பவே தெரியுமே தாயி" என்றிருப்பார்.

பெரியவர்களே, பிள்ளைகளே, ஆபீசில் நான் சொன்னது சரியில்லை. அன்றைக்கு வராந்தாவில் துரை மருதையிடம் சொன்னது, "இது நல்ல நாத்தம், ஒனக்கு சரி" என்பதுதான். நான் எடுத்துக்கொண்ட அந்தச் சொல்லை உங்கள் எல்லார் முன்னாலும் அவருக்கே திருப்பிக் கொடுக்கிறேன். காலிக் குப்பியைப் படையலில் வைக்கலாமா என்று அவர் மகன் கேட்டார். வையுங்கள், மூடியைத் திறந்து வையுங்கள்.

பை பேத்தியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த டம்ளர். அதில்தான் இப்போது நான் குடிக்கிறேன்.