பளபளவென்று திரும்பி வந்த சரக்கு

என் வீட்டுக்காரர் ஆரணியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். ஊரே தறியில் உட்கார்ந்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும் இரும்பு. எழுபதுகளின் கடைசி அது. களம்பூர் ரைஸ் மில்களுக்கு ஷாஃப்ட், புல்லி செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அறுவடைக் காலத்தில் மூச்சு விட நேரமிருக்காது, மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவோம். நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். பட்டைத் தடவி வளர்ந்த கையில் இரும்புத் தூள் பெருக்கும் துடைப்பம் வந்ததில் எனக்குக் கோபம் உண்டு. அதை அவரிடம் தினமும் சொல்லிவிடுவேன், உள்ளே வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை.

பட்டறையின் உயிர், லேத்தில் இரும்பு கடையும் எங்கள் டர்னர். வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தான். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஐ.டி.ஐ. படித்த முதல் ஆள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, மனைவி மாசமாக இருந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஏஜெண்ட், மஸ்கட்டில் எண்ணெய்க் கம்பெனிக்கு ஆள் வேண்டுமென்று அவனைத் துளைத்துக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க வேலை கொடுக்க எங்களுக்கு வக்கில்லை. போகாதே என்று எந்த வாயால் சொல்வது? அவன் மனைவி ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"புள்ள பொறக்கறப்போ இவரு கூட இருக்கணும்க்கா. இங்கியே நிக்காம வேலை கெடைச்சா போவமாட்டேன்னு சொல்லிகினு கீறாரு."

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் பக்கத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் இன்ஜினியர் ஒருவர், தங்கை கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க ஆரணிக்கு வந்தார். எங்கள் தெரு முனையில் அவருடைய ஜீப் நின்றுவிட்டது. அதில் ஒடிந்திருந்த இரும்பு முளை ஒன்றை எங்கள் டர்னர் பார்த்த மாத்திரத்தில் புதிதாகக் கடைந்து மாட்டினான். அவர் அதைக் கழற்றச் சொல்லி, அளந்து பார்த்து, மறுபடி மாட்டச் சொன்னார்.

"எங்க ஆலைக்கு வேண்டியது நெறைய இன்னும் கப்பல்லதாங்க வருது. நம்ம ஊர் பட்டறைங்களுக்குக் குடுத்துப் பழக்குங்கன்னு மேல சொல்லியிருக்காங்க. பிளாஞ்சு செய்வீங்களா?"

பிளாஞ்சு என்றால் என்னவென்றே தெரியாத என் வீட்டுக்காரர், "செஞ்சிடலாம் சார்" என்றார்.

பிறகு மாதிரி வந்தது, வரைபடம் வந்தது. ஒரு பெரிய கனத்த இரும்பு வளையம், சுற்றிலும் போல்ட் ஓட்டைகள். இரண்டு குழாய்களின் முனையில் ஒவ்வொன்றை வைத்து, நடுவில் கேஸ்கட் என்கிற மெல்லிய அடைப்புத் தகட்டைக் கொடுத்து முடுக்கினால் எண்ணெய் கசியாது. முதல் சரக்கு தேறினால் வருஷம் முழுக்க ஆர்டர். டர்னர் ஏஜெண்டிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு லேத்துக்குத் திரும்பினான்.

மாதிரியின் முகத்தில் மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாக ஓடின. நகத்தால் கீறினால் கிர்ரென்றது. என் வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாய்யா இது, சீமையில செஞ்சவன் ஜல்தியில வுட்டுட்டுப் பூட்டானா? நம்ம ஊர்லேர்ந்து போற சாமான் இப்பிடியா போவும்?"

ஆரணியில் சேலையை விரித்தால் முதலில் கை போகும், கண் அப்புறம்தான். கைக்கு வழுக்கினால் நல்ல சரக்கு. எனக்கும் அதே புத்திதான். டர்னரோ, முதலாளி ஒரு மடங்கு சொன்னால் இரண்டு மடங்கு செய்பவன். ஒவ்வொரு முகத்தையும் எமரி பேப்பரால் தேய் தேய் என்று தேய்த்தான். கடைசியில் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்து லாரி ஏற்றினோம்.

அத்தனையும் திரும்பி வந்தது.

என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் குப்புறப் படுத்துக்கொண்டார். டர்னர் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். "என் கையால கெட்டுச்சுக்கா. நான் மஸ்கட்டே போறேன்" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "எதுக்கு வேணான்னாங்கன்னே தெரியாம இவரு படுத்துக்குவாரு, நீ கப்பல் ஏறிடுவியா? கெளம்புங்க ரெண்டு பேரும்" என்று இருவரையும் மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றி, அவர்களை நம்பாமல் நானும் ஏறினேன்.

இன்ஜினியர் எங்களைத் திட்டவில்லை. எங்கள் பிளாஞ்சு இரண்டை எடுத்து, நடுவில் கேஸ்கட் வைத்து முடுக்கி, பம்பால் தண்ணீர் ஏற்றச் சொன்னார். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று கேஸ்கட் வழுக்கி நகர, பீறிட்ட தண்ணீர் என் வீட்டுக்காரரின் சலவை வேட்டியைத் தொப்பலாக நனைத்தது. அதே இடத்தில் அவர்களுடைய மாதிரியை மாட்டினார்கள். ஒரு சொட்டு இல்லை.

"அந்தக் கோடுதாங்க கேஸ்கட்டைப் புடிச்சுக்குது. நீங்க ஏன் அதைப் போடல?"

"போட்டோம் சார். நல்லா இல்லன்னு தேச்சு எடுத்துட்டோம்" என்றான் டர்னர்.

அந்த மனுஷர் சிரித்தார் பாருங்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரங்கு பிடிக்கச் சொன்ன இடத்தில் பிள்ளையார் பிடித்துக் கொடுத்திருக்கிறோம். வேட்டியைப் பிழிந்துகொண்டே என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. தேய்ந்தது மயிரிழைதான், அளவுக்குள் மறுபடி கோடு போட இடமிருக்கிறது என்று டர்னர் அங்கேயே கணக்குச் சொன்னான். "போட்டு வைங்க, நானே வந்து பாக்கறேன்" என்றார் இன்ஜினியர்.

கோடு போடுவது கஷ்டமில்லை. போட்ட பிறகு சும்மா இருப்பதுதான் கஷ்டம். சொரசொரப்பைப் பார்த்ததும் டர்னரின் கை தானாக எமரி பேப்பரைத் தேடும். பட்டறையிலிருந்த எமரி பேப்பர் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய் அரிசிப் பானையில் போட்டு மூடி, அதன்மேல் ஆட்டுக்கல் குழவியையும் வைத்தேன். "அக்கா, ஓரத்துல மட்டும்" என்று ஒரு நாள் கெஞ்சினான். கரண்டியைக் காட்டினேன், போய்விட்டான்.

இன்ஜினியர் வந்த அன்று தறியை நிறுத்திவிட்டுத் தெருவே எங்கள் பட்டறை வாசலில் நின்றது. டர்னரின் மனைவி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கோடு போட்ட பிளாஞ்சு இரண்டை முடுக்கி, இன்ஜினியர் கொண்டுவந்திருந்த பம்பை அடிக்க அடிக்க மீட்டரில் முள் ஏறியது. இன்ஜினியர் கையைக் காட்ட, பம்பு நின்றது. முள்ளும் நின்றது. கசிந்தால் முள் இறங்கிவிடும், எல்லோரும் அதையே பார்த்தோம். அது அசைகிற வழியாக இல்லை. "பாஸ்" என்று அவர் சொன்னதும் என் வீட்டுக்காரர் டர்னரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நான் கேசரி கிளறப் போனேன். கண்ணில் நீர் வந்துகொண்டேயிருந்தது, புகை என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை.

எதிர்வீட்டு நெசவுக்காரர் ஒரு பிளாஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா இப்பிடி சொரசொரன்னு கீது? இத்தப் போயா எடுத்துக்கினாங்க?" என்றார். அவருக்கு ஒரு கரண்டி கேசரி கூடுதலாக வைத்தேன்.

அந்த வருஷம் நாங்கள் ஈ ஓட்டவில்லை. இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுத்தோம், அவர்களுக்கும் முதலில் தேய்க்காமலிருக்கத்தான் பழக்கினோம். பங்குனியில் ஒரு காலை அரசாங்க ஆஸ்பத்திரியில் டர்னருக்குப் பெண் குழந்தை பிறந்தது. லேத்திலிருந்து அப்படியே ஓடி வந்தவன், கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு குழந்தையைத் தொடப் பயந்து நின்றான். பதிவேட்டில் எழுதுவதற்காக நர்ஸ் கேட்டார்:

"அப்பா இன்னா வேலை?"

"ஆயில் கம்பெனிக்குப் பிளாஞ்சு செய்யறேங்க."

"ஓ, மஸ்கட்லேர்ந்து லீவுல வந்துகிறீங்களா? எப்போ திரும்பிப் போவணும்?"

"மத்தியானம் சாப்ட்டுட்டுப் போவணுங்க" என்றான்.